டிசிஎஸ் ஹூயி: ஹோவர் நிற்பதில்லை, இறங்கும்போது தொப்பென்று விழுகிறது. கோளாறு எங்கே?

நாட்60 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. டிசிஎஸ்ஸில் (கணினிப் பறப்பு சிமுலேட்டர்) யூஎச்-1எச் ஹூயி ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிறேன். மேசையில் வைக்கும் ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக் (ட்விஸ்ட் உள்ளது), தனி த்ராட்டில் லீவர், பெடல். கர்வ் (ஸ்டிக்கின் உணர்திறன் வளைவு) 30, டெட் ஜோன் (நடுவில் அசைவு பதிவாகாத பகுதி) 5. விமானங்கள் இதே செட்டிங்கில் ஒழுங்காகப் பறக்கின்றன. ஹூயியில் மட்டும் இந்த நான்கும் திரும்பத் திரும்ப வருகிறது:

1. தரையை விட்டதும் மூக்கு வலப்பக்கம் திரும்புது, ஹெலிகாப்டரும் வலப்பக்கம் நழுவுது. திருத்தப் போனால் ஊசலாட்டம் கூடிக்கொண்டே போகுது.
2. ட்ரிம் பட்டனை (ஸ்டிக் இருக்கும் நிலையை அப்படியே பிடித்துவைப்பது) விட்டதும் ஒரு குதி. செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன், இப்போது ட்ரிம் செய்தபின் சில சமயம் ஸ்டிக் வேலையே செய்யலை.
3. ஹோவரிலிருந்து (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) முன்னால் நகர்ந்து 15–20 நாட் (மணிக்குக் கடல் மைல்) வரும்போது மூக்கு தூக்கி வலப்பக்கம் சாயுது.
4. இறங்கும்போது 50–100 அடியில் கல் மாதிரி விழுது. கலெக்டிவை (எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் லீவர்) இழுத்தால் இன்னும் வேகமாக விழுது. சில முறை லோ ஆர்பிஎம் (சுழல்வேகம் குறைவு) அலாரமும் அடிக்குது.

இதில் எது என் கை, எது செட்டிங், எது ஹெலிகாப்டரின் இயல்பு?

---

இடஞ்சுழி பதில்:

முதலில் செட்டிங்கை முடிப்போம். அது தப்பாக இருக்கும்வரை கையைக் குறை சொல்ல முடியாது.

கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஹூயியைத் தேர்ந்து, ஆக்சிஸ் பிரிவை மட்டும் திறங்கள். பிட்ச், ரோல், ரட்டர், கலெக்டிவ், த்ராட்டில் என்ற ஐந்து வரிகளையும் இடமிருந்து வலம் கடைசி வரை பாருங்கள். ஒரு வரியில் ஒரு கருவிதான் இருக்க வேண்டும். புதிதாக எதைச் செருகினாலும் டிசிஎஸ் அதற்குத் தானாகவே ஆக்சிஸ் ஒதுக்கிவிடும். பெடல் வாங்கிய பலருக்கு ஜாய்ஸ்டிக் ட்விஸ்டும் ரட்டர் வரியிலேயே தங்கியிருக்கும். ஸ்டிக்கைச் சாய்க்கும்போது மணிக்கட்டு லேசாகத் திரும்பும், வால் ஆடும், நீங்கள் பெடலில் திருத்துவீர்கள். ஊசலாட்டத்துக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது, உங்கள் லீவர் எதோடு இணைந்திருக்கிறது என்பது. ஹூயியில் கலெக்டிவ் வேறு, த்ராட்டில் வேறு. லீவரைக் கலெக்டிவுக்குக் கொடுங்கள், த்ராட்டில் வரியைக் காலியாக விடுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனபின் விசைப்பலகையிலேயே த்ராட்டிலை முழுக்கத் திறந்துவிட்டால் போதும், அதன்பின் கவர்னர் ஆர்பிஎம்மைப் பார்த்துக்கொள்ளும். ஒரே லீவரில் இரண்டும் இருந்தால் கலெக்டிவ் இறக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சினையும் மூடிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் லோ ஆர்பிஎம் அலாரத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். த்ராட்டில் முழுக்கத் திறந்தபின் எஞ்சின் முள் 6600-ல் நிற்க வேண்டும் (ரோட்டர் 324). குறைவாக நின்றால் கலெக்டிவ் தலையில் உள்ள ஆர்பிஎம் கூட்டும் சுவிட்சை மேல்பக்கம் பிடித்து 6600-க்குக் கொண்டுவாருங்கள்.

பறக்கும்போது வலது கண்ட்ரோல் + என்டர் அழுத்தினால் திரையில் கண்ட்ரோல் பெட்டி வரும். கையையும் காலையும் எடுத்துவிட்டு அதைப் பாருங்கள். ஏதாவது ஒரு குறி தானாக நடுங்கினாலோ நடுவில் இல்லாவிட்டாலோ கோளாறு கருவியில்தான். நடுக்கத்தை மறைக்கும் அளவுக்கு மட்டும் டெட் ஜோன் வையுங்கள். நல்ல சென்சார் என்றால் 0, தேய்ந்த பொட்டன்ஷியோமீட்டர் என்றால் 2 அல்லது 3. சைக்ளிக்கில் (ஹெலிகாப்டரைச் சாய்க்கும் ஸ்டிக்) 5 மிக அதிகம். ஹோவருக்குத் தேவையான அசைவே அந்த அளவில்தான் இருக்கும், அத்தனையும் டெட் ஜோனுக்குள் போய்விடும்.

கர்வ் 30 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்வ் நடுப்பகுதியை மந்தமாக்கி, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. விமானம் நேராகப் பறக்கும்போது ஸ்டிக் நடுவில் இருக்கும், அதனால் அங்கே அது உதவுகிறது. ஹூயி ஹோவரில் சைக்ளிக் நடுவில் இருக்காது, இடப்பக்கமும் சற்றுப் பின்னாலும் இருக்கும். அதாவது நீங்கள் நுணுக்கமாகத் திருத்த வேண்டிய இடம் கர்வின் மந்தப் பகுதியைத் தாண்டி, அது ஏறத் தொடங்கும் இடத்தில் விழுகிறது. இடப்பக்கம் தள்ளும் ஒரு மில்லிமீட்டரும் வலப்பக்கம் தள்ளும் ஒரு மில்லிமீட்டரும் ஒரே பலன் தராது. சிறிய மேசை ஸ்டிக்குக்கு 10–15 போதும். நீட்டிப்புக் குழாய் போட்ட ஸ்டிக் என்றால் கர்வே வேண்டாம். கலெக்டிவுக்குக் கர்வ் எப்போதும் 0.

ட்ரிம் குதிப்பதற்குக் காரணம்: பட்டனை விட்டதும் சிமுலேட்டர் அந்த நிலையை புதிய நடுவாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஸ்டிக் இன்னும் சாய்ந்தே இருப்பதால் அதே சாய்வு இரண்டாம் முறையும் சேர்கிறது. ஆப்ஷன்ஸில் ஸ்பெஷல் பகுதிக்குப் போய், ஹூயிக்கு சென்ட்ரல் பொசிஷன் ட்ரிம்மர் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ட்ரிம் செய்தபின் ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும்வரை சிமுலேட்டர் அதைக் கவனிக்காது. இப்போது உங்களுக்கு ‘ஸ்டிக் வேலை செய்யலை’ என்று வருவது இதனால்தான். பட்டனை விட்டதும் ஸ்டிக்கையும் தளர விடுங்கள், அது நடுவுக்குப் போனதும் மறுபடி பிடியுங்கள். நடுவுக்குப் போகாமலே அடுத்த திருத்தத்தைக் கொடுத்தால் பூட்டு திறக்காது. கண்ட்ரோல் பெட்டியில் ஸ்டிக் ஓய்வு நிலை நடுவிலிருந்து விலகித் தெரிந்தால் விண்டோஸில் காலிபிரேட் செய்துவிட்டு வாருங்கள்.

ட்ரிம் ஒழுங்கானால் கர்வ் சிக்கலும் பாதி தீரும். ஹோவர் நிலையில் ட்ரிம் செய்தால் ஸ்பிரிங்கின் நடுவே ஹோவரின் நடுவாகிவிடும்.

---

சறுக்குச்சட்டம் பதில்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. 1, 3 இரண்டிலும் உள்ள மீதி, ஹெலிகாப்டரின் இயல்பு.

ஹூயியின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை). எஞ்சின் அதை இடஞ்சுழியாகச் சுழற்றும்போது உடல் வலஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும், மூக்கு வலப்பக்கம் போகும். அதைத் தடுக்க இடது பெடல். இடது பெடல் கொடுத்ததும் வால் ரோட்டரின் உந்துவிசை முழு ஹெலிகாப்டரையும் வலப்பக்கம் தள்ளும். அதைத் தடுக்க சைக்ளிக் இடப்பக்கம். ஆகவே ஒழுங்கான ஹூயி ஹோவர் என்பது இடது சறுக்குச்சட்டம் (தரையில் நிற்க உதவும் கால்) சற்றுத் தாழ்ந்து, இடது பெடல் உள்ளே போய், சைக்ளிக் இடது பின்னால் இருக்கும் நிலைதான். சமமாக நிறுத்தப் பார்த்தால் நழுவத்தான் செய்யும்.

இங்கே பெரும்பாலானோர் தவறவிடுவது வரிசை. கலெக்டிவை அசைத்துவிட்டு மூக்கு திரும்புவதைப் பார்த்தபின் பெடல் கொடுக்கிறார்கள். அது எப்போதும் தாமதம்தான். கலெக்டிவ் ஏறும் அதே நொடியில் இடது பெடல் போக வேண்டும், இறங்கும் அதே நொடியில் இடது பெடல் தளர வேண்டும். கையும் காலும் சேர்ந்து அசைவது பழக்கமாகும்வரை சைக்ளிக்கில் எவ்வளவு உழைத்தாலும் பலனில்லை.

ஊசலாட்டம் கூடிக்கொண்டே போவதற்கு இன்னொரு காரணம், சைக்ளிக்கை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. சைக்ளிக் வேகத்தைத் தருவதில்லை, சாய்வைத் தருகிறது. சாய்வு இருக்கும்வரை வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் நழுவுவதைக் கண்டு இடப்பக்கம் தள்ளிவிட்டு, நழுவல் நிற்கும்வரை பிடித்திருந்தால், நிற்கும் நேரத்தில் இடப்பக்கச் சாய்வு பாக்கி இருக்கும். அடுத்து இடப்பக்கம் ஓடும். செய்ய வேண்டியது: சின்ன அழுத்தம், உடனே அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிட்டு, ஒரு நொடி காத்திருந்து பார்ப்பது. நழுவல் குறையத் தொடங்கியதுமே, அது நிற்பதற்கு முன்பே, சாய்வைச் சமன் செய்துவிட வேண்டும்.

பார்வையும் முக்கியம். மூக்குக்குக் கீழே உள்ள தரையைப் பார்க்காதீர்கள். 50–100 மீட்டர் தள்ளி ஒரு மரம், கட்டிடம், எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். நழுவலும் சாய்வும் அங்கேதான் முதலில் தெரியும். ஒற்றைத் திரையில் விளையாடுபவர்கள் பார்வையைச் சற்றுக் கீழே இறக்கி, கீழ் ஜன்னல் வழியாகவும் தரை தெரியும்படி வைத்துக்கொண்டால் உயரம் புரியும். விசிங்கால் (பிரேமைத் திரையோடு ஒத்திசைக்கும் அமைப்பு) வரும் தாமதமும் ஊசலாட்டத்தைக் கூட்டும். பிரேம் ரேட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அது நிலையாக நிற்கும் அளவுக்கு கிராஃபிக்ஸைக் குறையுங்கள். ஹோவருக்கு அழகைவிட நிலையான பிரேம் ரேட் முக்கியம்.

மூன்றாவது கேள்வி கோளாறே அல்ல. ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றை விட்டு விலகிப் புதிய காற்றுக்குள் நுழையும்போது கூடுதல் தூக்குவிசை கிடைக்கிறது. ஏறத்தாழ 16–24 நாட்டில் இது நடக்கும். ரோட்டரின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் காற்று ஒரே மாதிரி வராததால் சாய்வும் சேர்கிறது, ஹூயியில் அது வலப்பக்கம். சைக்ளிக்கைச் சற்று முன்னும் இடப்பக்கமுமாகத் தள்ளி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள். மூக்கு தூக்கியதும் பயந்து நிறுத்தினால் வேகம் குறைந்து மறுபடி அதே எல்லைக்குள் வருவீர்கள், அங்கே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தாண்டியபின் 60 நாட் வரை உயரத்தை விரட்டாமல் வேகத்தைச் சேருங்கள்.

---

பின்காற்று பதில்:

நாலாவதை எடுத்துக்கொள்கிறேன். விழுவது ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறு. முதலில் அலாரம் அடித்ததா இல்லையா என்று பாருங்கள்.

அலாரம் இல்லை, ஆர்பிஎம் 6600-ல் அப்படியே நிற்கிறது, உடல் அதிர்கிறது, கலெக்டிவ் இழுக்க இழுக்க இறங்குவேகம் கூடுகிறது என்றால் அது வோர்டெக்ஸ் ரிங். ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. பிளேடு நுனியிலும் நடுவிலும் காற்று சுருண்டு மேலேறி மறுபடி ரோட்டருக்குள் வருகிறது. கலெக்டிவை ஏற்றினால் அந்தச் சுருளுக்குத்தான் வலுச் சேர்க்கிறீர்கள். இது வருவதற்கு மூன்றும் சேர வேண்டும்: முன்வேகம் மிகக் குறைவு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 அடிக்கு மேல் இறக்கம், ரோட்டரில் சக்தி. ஒன்றை உடைத்தாலும் வராது.

வெளியே வர இரண்டு வழி. உயரம் இருந்தால் கலெக்டிவைக் குறைத்து, சைக்ளிக்கை முன்னே தள்ளி வேகம் பிடியுங்கள். காற்றுவேகம் ஏறியதும் கலெக்டிவ் மறுபடி வேலை செய்யும். இதில் உயரம் நிறையப் போகும். இரண்டாவது, வுஷார்ட் முறை: கலெக்டிவை ஏறுவதற்கான சக்திக்கு உயர்த்தி, அதே நேரத்தில் இடது பெடலால் மூக்கை நேராக வைத்து, சைக்ளிக்கை வலப்பக்கம் 10–20 டிகிரி சாயும் அளவுக்குத் தள்ளுவது. வால் ரோட்டரின் உந்துவிசையும் சாய்வும் சேர்ந்து ஹெலிகாப்டரைச் சுருளின் பக்கவாட்டில் வெளியே எடுத்துவிடும். இழக்கும் உயரம் குறைவு. ஆனால் 50 அடியில் முழுமையாக மாட்டிக்கொண்டால் இரண்டுமே உத்தரவாதமில்லை. அதனால் இதை 2000 அடியில் வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுங்கள், தரைக்கருகில் வராமலே பார்த்துக்கொள்ளுங்கள்.

அலாரம் அடிக்கிறது, ஆர்பிஎம் முள் விழுகிறது என்றால் அது சக்திப் பற்றாக்குறை. பிளேடின் கோணம் எஞ்சின் தாங்குவதைவிட அதிகமாகிவிட்டது. ரோட்டர் மந்தமாகும், தூக்குவிசை குறையும், வால் ரோட்டரும் அதே அளவில் மந்தமாவதால் மூக்கும் வலப்பக்கம் போகும். இங்கே கலெக்டிவை இழுப்பது நேர் எதிரான செயல். சற்று இறக்கி ஆர்பிஎம்மை மீட்டு, முன்வேகம் இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இதை முன்கூட்டியே அறிய ஒரு சோதனை உண்டு. கிளம்பும்போது 3–5 அடியில் ஹோவர் செய்து டார்க் மீட்டரைப் (எஞ்சினின் முறுக்குவிசையைக் காட்டுவது) பாருங்கள். ஹூயியின் எல்லை 50 பிஎஸ்ஐ. தரையொட்டிய ஹோவருக்கே 45 வந்துவிட்டால், தரையின் உதவி இல்லாத உயரத்தில் ஹோவர் நிற்காது. அந்த உதவி ஏறத்தாழ ஒரு ரோட்டர் விட்டம் வரைதான், ஹூயிக்கு 48 அடி, அதுவும் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மொத்த எடை 9500 பவுண்டைத் தாண்டாமலும், வெயில் கடுமையான அல்லது மலைப்பகுதி மிஷன்களில் அதற்கு நன்றாகக் கீழேயும் வைத்திருங்கள். எரிபொருளைப் பாதியாக்கினாலே வித்தியாசம் தெரியும்.

இறங்கும் பாதைக்கு ஒரு கணக்கு தருகிறேன். 300 அடி உயரம், 60 நாட், இறங்குமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் முன்னால் தொடங்குங்கள். அது 6 டிகிரி சரிவு. 60 நாட்டில் இறக்கம் நிமிடத்துக்கு 600 அடிக்குச் சற்று மேல், 30 நாட்டில் 300 சொச்சம். சரிவை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தால் இறக்கமும் கூடவே குறையும், வோர்டெக்ஸ் ரிங் எல்லைக்குள் போகவே மாட்டீர்கள். இறங்குமிடம் கண்ணாடியில் ஒரே புள்ளியில் நிற்கிறதா என்று பார்த்தால் சரிவு மாறவில்லை என்று பொருள். அது கண்ணாடியில் கீழே நழுவினால் நீங்கள் உயரமாக இருக்கிறீர்கள். அப்போது மூக்கைத் தூக்கி நிறுத்தி நேராகக் கீழே இறங்கப் பார்க்காதீர்கள், சுற்றிக்கொண்டு வாருங்கள்.

24 நாட்டுக்குக் கீழே வரும்போது மேலே சறுக்குச்சட்டம் சொன்ன கூடுதல் தூக்குவிசை போய்விடும். அதை ஈடுகட்டக் கலெக்டிவ், அதோடு இடது பெடல். அது விழத் தொடங்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கடைசி நொடியில் மொத்தமாக இழுப்பவர்களுக்குத்தான் அலாரம் அடிக்கிறது. காற்று எந்தத் திசை என்று மிஷன் விவரத்தில் பார்த்துவிட்டு எதிர்காற்றில் இறங்குங்கள். பின்காற்றில் தரைவேகம் 20 நாட் என்றாலும் ரோட்டருக்குக் காற்றுவேகம் பூஜ்யமாக இருக்கலாம்.

---

வலஞ்சுழி பதில்:

வேறு ஹெலிகாப்டருக்கு மாறப்போகிறவர்களுக்காகச் சுருக்கமாக. மேலே ‘இடது’ என்று வருவதெல்லாம் இடஞ்சுழி ரோட்டருக்கு: ஹூயி, அப்பாச்சி, பெல் 407. எம்ஐ-8, எம்ஐ-24, கசெல், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வரும் கேப்ரி ஜி2 எல்லாம் வலஞ்சுழி. அவற்றில் சக்திக்கு வலது பெடல், நழுவல் இடப்பக்கம், வுஷார்ட் முறையில் சைக்ளிக் இடப்பக்கம்.

கேஏ-50-க்கு வால் ரோட்டரே இல்லை. அங்கே வரும் புகார் ‘ஹெலிகாப்டர் என்னோடு மல்லுக்கட்டுகிறது’ என்பதுதான். ஆட்டோபைலட் கடைசியாக ட்ரிம் செய்த நிலையைக் காக்கப் பார்க்கிறது. திரும்பும் நேரம் முழுக்க ட்ரிம் பட்டனை அழுத்தியே பிடித்து, புதிய நிலைக்கு வந்தபின் விடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பெடலுக்கு எதுவும் நடக்காததுபோலத் தோன்றினால் உதவி அமைப்புகளில் ஹெலிகாப்டர் பகுதியைப் பாருங்கள், வால் ரோட்டர் உதவி இயங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்-பிளேனில் நடுக்கம் இருந்தால் ஒரு பிரேமுக்கு எத்தனை முறை பறப்புக் கணக்கு என்ற அமைப்பை 2 அல்லது 4 ஆக்குங்கள், ஸ்டெபிலிட்டி ஸ்லைடர்களைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

---

நாட்60:

எல்லாருக்கும் நன்றி. ரட்டர் வரியில் ட்விஸ்டும் இருந்தது, எடுத்துவிட்டேன். கர்வ் 12, டெட் ஜோன் 1, சென்ட்ரல் ட்ரிம். ஹோவர் இப்போது ஒரு வட்டத்துக்குள் நிற்குது. 6 டிகிரி பாதையில் விழுவதும் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு: கிளம்பும்போதே சில சமயம் வலப்பக்கம் கவிழுது. 115 நாட்டுக்கு மேல் அதிர்ந்து, மூக்கு தூக்கி இடப்பக்கம் சாயுது.

---

பின்காற்று:

கவிழ்வது, வலது சறுக்குச்சட்டம் தரையில் ஒட்டியிருக்க, அதை அச்சாக வைத்து உடல் சுழல்வதால். சைக்ளிக் நடுவில் இருக்கும்போது கலெக்டிவை வேகமாக இழுத்தால் வால் ரோட்டர் தள்ளுவது அந்தச் சட்டத்தின் மேல்தான். எடை குறைந்து உடல் லேசாக மிதக்கும் கட்டத்தில் கலெக்டிவை நிறுத்துங்கள். மூக்கைப் பெடலால் நேராக்கி, சைக்ளிக்கை இடது பின்னால் கொண்டுவந்து, நழுவல் இல்லை என்று தெரிந்தபின் மேலே ஏற்றுங்கள். வலது சட்டம் முதலில், இடது சட்டம் கடைசியில் தரையை விட்டால் சரியான கிளம்பல். சாயத் தொடங்கிவிட்டால் எதிர்ப்பக்க சைக்ளிக் மட்டும் காப்பாற்றாது. கலெக்டிவைச் சீராக இறக்குங்கள்.

115-ல் வருவது பின்னோக்கிச் செல்லும் பிளேடின் ஸ்டால் (தூக்குவிசை இழப்பு). ஹூயியில் அந்தப் பிளேடு இடப்பக்கம். முதல் அதிர்விலேயே கலெக்டிவைக் குறைத்து, வேகத்தை மெதுவாக விடுங்கள். எடையும் உயரமும் கூடினால் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே வரும்.

இதைத் திருத்தும் அவசரத்தில் சைக்ளிக்கை முன்னே குத்தாதீர்கள். ஹூயி இரண்டு பிளேடு ஊஞ்சல் ரோட்டர். உடல் எடையிழந்து மிதந்தால் ரோட்டருக்கு உடல்மேல் பிடி இருக்காது, வால் ரோட்டர் உடலை வலப்பக்கம் உருட்டும். அப்போது இடப்பக்கம் இழுத்தால் ரோட்டர் தலை தண்டில் மோதி முறியும். முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னிழுத்து ரோட்டருக்கு மறுபடி எடை கொடுங்கள். அதன்பிறகே உருளலைத் திருத்துங்கள்.